‘லாபத்தில் இருமா’ என்றால் என்ன? கொள்ளுத்தாத்தாவின் கமிஷன் சண்டை பற்றி ஒரு கேள்வி

ரங்கூன் கணக்கன்:

எல்லோருக்கும் வணக்கம். முப்பத்தெட்டு வருடம் அரிசி ஆலை ஆபீசில் கணக்கு எழுதி ஓய்ந்தவன் நான். யாங்கோன் என்று எழுதுங்கள் தாத்தா என்கிறான் பேரன். கை ரங்கூன் என்றுதான் எழுதுகிறது, மன்னிக்கவும்.

எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. யாராவது கடன் வாங்கித் திருப்பாவிட்டால், மாமன் சீர் வராவிட்டால், மின்சாரம் போய் இரண்டு நாள் ஆனால்கூட, “நிலம் வித்ததும் வரும்” என்பார்கள். வராது என்று அர்த்தம். சின்ன வயதில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். கல்யாணம் ஆகி வந்த என் மனைவிக்குப் புரியவில்லை. அப்போதுதான் அது எங்கள் வீட்டுக்கே உரிய சரக்கு என்று தெரிந்தது.

இதற்கு அத்தை சொல்லும் காரணம்: கொள்ளுத்தாத்தாவுக்கு முதலாளி ‘இரண்டு மா நிலம்’ தருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார். அத்தைக்கு இப்போது 91 வயது. அந்த முதலாளி நேற்றுத்தான் ஏமாற்றினார் என்பது போலத் திட்டுவார்.

போன மாதம் மழையில் மச்சு ஒழுகியதால் தகரப் பெட்டியை இறக்கினேன். அடியில் மூன்று தாள். அதனால் இந்தக் கேள்வி.

கொள்ளுத்தாத்தா 1890-களில் செட்டிநாட்டிலிருந்து ஒரு வட்டிக்கடைக்கு மேலாளாக, அதாவது முதலாளிக்காகக் கடையை நடத்தும் ஏஜென்டாக, கொண்டு விற்க (கடல் கடந்து தொழில் செய்ய) வந்தவர். கடையின் விலாசம், அதாவது பெயர், வேண்டாம், அவர்கள் பேரப்பிள்ளைகள் எங்கேயோ நன்றாக இருக்கட்டும். பெரிய கடை ரங்கூன் முகல் தெருவில், அதாவது இன்றைய ஷ்வே பொந்தா தெருவில், ஒரு கிட்டங்கியில் (செட்டியார் கடைகள் சேர்ந்திருந்த கட்டடம்). கிளைக்கடை பெகு (இன்றைய பகோ) பக்கம். அதற்குத்தான் இவர். நெல் போடுகிறவனுக்கு நிலத்தை ஈடாக வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பது தொழில். ஊரில் அவருக்கு ஒரு குடும்பம், பெகுவில் என் பர்மியக் கொள்ளுப்பாட்டி. அதனால்தான் இந்தக் காகிதங்கள் கப்பல் ஏறாமல் எங்கள் பெட்டியிலேயே தங்கின. அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

முதல் தாள் சம்பளச் சீட்டின் நகல். மூன்று வருடத்துக்குச் சம்பளம் 900 ரூபாய், அதில் 300 புறப்படும்போதே. கீழே ‘லாபத்தில் இருமா’ என்று ஒரு வரி. அத்தையின் இரண்டு மா இங்கேதான் இருக்கிறது போல.

இரண்டாம் தாள் ஐந்தொகையிலிருந்து, அதாவது கடையின் லாப நஷ்டமும் இருப்பும் காட்டும் கணக்கிலிருந்து, பெயர்த்து எழுதியது. ரொக்கமாக வந்த வட்டி 9,400. கடைச் செலவு, சம்பளம், சாப்பாடு, வாடகை எல்லாம் சேர்த்து 2,900. பெரிய கடை கொடுத்த பணத்துக்கு வட்டி 4,100. அப்புறம் நிலக் கணக்கு. மூன்று பேர் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் நிலத்தையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 100, 80, 60 என்று மொத்தம் 240 ஏக்கர். ஏக்கருக்கு 15 ரூபாய் வீதம் கொடுத்த முதல் 3,600. மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, 30 மாதத்துக்கு 2,160. ஆக நிலம் 5,760 என்று பற்று. அந்த 60 ஏக்கருக்கு நேரே மட்டும் ‘வரி ரசீது ஏழு வருஷம்’ என்று பொடி எழுத்து.

மூன்றாம் தாள் முதலாளிக்கு எழுதிய கடிதத்தின் வரைவு. முழுக்க அடித்தல் திருத்தல். முதலாளி கொடுக்கச் சொன்னது ௨௱௪௰ ரூபாய், அதாவது 240. தாத்தா எடுத்துக்கொண்டது ௪௱௫௰௬, அதாவது 456. எடுத்துக்கொண்டது என்றுதான் எழுதியிருக்கிறார். புது மேலாளிடம் பெட்டிச் சாவியைக் கொடுக்கும் முன்பே எடுத்துவிட்டார். முதலாளி அதைத் திருட்டு என்று எழுதியிருக்க வேண்டும். ஏனென்றால் வரைவில் ‘திருட்டு’ என்ற சொல்லை இவர் நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் அடித்திருக்கிறார்.

கடைசியில் அடிக்காமல் விட்ட வரி இது: “நிலத்தை 5,760 என்று பற்றெழுதச் சொல்லிக் காகிதம் போட்டது தாங்கள். 3,600 என்று எழுதச் சொல்லியிருந்தால் அடியேன் வாய் திறந்திருக்க மாட்டேன்.” இதைப் படித்தபோதுதான் இவர் என் ரத்தம் என்று நம்பினேன்.

சரி, எனக்குப் புரியாதது என்ன? பெகுவில் நிலம் ஏக்கரில். மா என்பது தஞ்சாவூர் அளவு, ஏறத்தாழ மூன்றில் ஒரு ஏக்கர். இரண்டு மா ஒரு ஏக்கர்கூட இல்லை. 240 ஏக்கரைக் கையில் வைத்திருந்த மனிதர் முக்கால் ஏக்கர்கூட வராத நிலத்துக்கா இவ்வளவு கோபப்பட்டார்? 240 ஏக்கர், 240 ரூபாய் என்று பார்த்ததும் ஏக்கருக்கு ஒரு ரூபாய் கமிஷனோ என்று நினைத்தேன். அப்படியானால் 456 எங்கிருந்து வந்தது? இன்னொன்று, மூன்றாம் தாளின் முதுகில் பென்சிலில் ௱௬௰௨ என்று ஒரு எண். 162. பக்கத்தில் ‘நிலம் வி’, அப்புறம் கறை, அப்புறம் ‘அன்று’. இந்த 162 எந்தக் கணக்கோடும் ஒட்டவில்லை. கணக்கன் என்று பெயர் வைத்துக்கொண்டு இதைக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

தட்டோன் வாத்தியார்:

வெட்கம் வேண்டாம் ஐயா, இது உங்கள் காலத்துக் கணக்கு இல்லை. அத்தையும் பொய் சொல்லவில்லை, காதில் விழுந்த சொல் சரி, பொருள்தான் மாறிவிட்டது.

மா என்பது முதலில் ஒரு பின்னம். இருபதில் ஒரு பங்கு. வேலி என்ற பெரிய நில அளவில் இருபதில் ஒரு பங்கையும் மா என்பதால் நில அளவுக்கும் அதே பெயர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி ஒப்பித்த பிள்ளைக்கு முந்திரி என்றால் 320-ல் ஒன்று, காணி என்றால் 80-ல் ஒன்று, மா என்றால் 20-ல் ஒன்று. இருமா என்றால் பத்தில் ஒன்று. நீங்கள் இன்று பத்து சதவீதம் என்று எழுதுகிறீர்கள், அவர் இருமா என்று எழுதினார். நிலத்துக்கும் அந்த வரிக்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது உங்கள் இரண்டாம் தாளைப் பாருங்கள். 9,400-ல் செலவு 2,900 போய், பெரிய கடை வட்டி 4,100 போய் மிச்சம் 2,400. அதில் இருமா 240. இது முதலாளி கணக்கு. அந்த 2,400-உடன் நிலத்தில் ஏறிய வட்டி 2,160-ஐயும் லாபமாகச் சேர்த்தால் 4,560. அதில் இருமா 456. இது தாத்தா கணக்கு. 240 ஏக்கரும் 240 ரூபாயும் ஒன்றாக அமைந்தது உங்கள் கெட்ட நேரம்.

சண்டை மொத்தமும் 216 ரூபாய்க்கு. வராத வட்டி லாபமா இல்லையா என்பதுதான் விஷயம். அது எனக்குத் தெரியாத சங்கதி, தெரிந்தவர்கள் வரட்டும்.

ரங்கூன் கணக்கன்:

வாத்தியார் ஐயா, காலையில் படித்துவிட்டு டீயை ஆறவிட்டுவிட்டேன். 456-ஐ வைத்துக்கொண்டு மூன்று வாரம் முட்டிக்கொண்டேன், பத்தால் பெருக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

நான் தாத்தா பக்கம்தான். ரத்தம் என்பதால் இல்லை. கடன்காரன் கணக்கை மூடி நிலத்தை 5,760-க்குப் பற்றெழுதினால், எதிரே 3,600 கடன்காரன் பேரில் வரவாகும். மீதி 2,160 எங்கே போகும்? வட்டி வரவுக்குத்தான் போக வேண்டும். பற்றில் ஏற்றிவிட்டு வரவில் இல்லை என்று சொல்ல எந்தப் பேரேட்டிலும் இடமில்லை.

கோர்ட்டுத் திண்ணை:

நான் வக்கீல் இல்லை. வக்கீல் குமாஸ்தாவாக இருந்து நரைத்தவன். அண்ணன் பேரேட்டுக் கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் கோர்ட் பேரேட்டை மட்டும் பார்க்காது.

அன்றைக்கு பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். ஆகவே 1872-ன் ஒப்பந்தச் சட்டம்தான் இங்கேயும். இன்றும் நம் சட்டப் புத்தகத்தில் அதே சட்டம், அதே பிரிவு எண்கள்தான். ஏஜென்ட் சங்கதி 182-ல் தொடங்குகிறது.

முதலில் திருட்டுப் பேச்சை விடுங்கள். முதலாளிக்காக வாங்கிய பணத்திலிருந்து தனக்குச் சேர வேண்டிய கூலியை ஏஜென்ட் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று 217 சொல்கிறது. கணக்கு மட்டும் ஒழுங்காகக் காட்ட வேண்டும், அது 213. தாத்தா கணக்கை எழுதி வைத்துவிட்டு எடுத்திருக்கிறார். ஆக எடுத்த முறையில் குற்றமில்லை. எடுத்த தொகை சரியா என்பதே வழக்கு.

முதலாளி வக்கீல் 219-ஐத் தூக்கிக்கொண்டு வருவார். தனியாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், காரியம் முடிந்த பிறகே கூலி. நிலத்தை விற்றுக் காசாக்குவதுதான் காரியத்தின் முடிவு என்பார். தாத்தா வக்கீல், எங்களிடம்தான் தனி ஒப்பந்தம் இருக்கிறதே, ‘லாபத்தில் இருமா’, நிலத்தை லாபம் சேர்த்து ஏற்றியது நீங்களே என்பார். இதுவரை தாத்தா கைதான் ஓங்கியிருக்கிறது.

ஆனால் எனக்கு உறுத்துவது அந்த 60 ஏக்கர். ‘வரி ரசீது ஏழு வருஷம்’ என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது என்றீர்களே, அதைக் கவனித்தீர்களா? கீழ் பர்மாவில் காட்டை வெட்டி நெல் போட்டவனுக்கு நிலம் உடனே சொந்தமாகிவிடாது. 1876-ன் நில வருவாய்ச் சட்டப்படி பன்னிரண்டு வருடம் விடாமல் அனுபவித்து வரியும் கட்டியிருந்தால்தான் விற்கவும் ஈடு வைக்கவும் கூடிய நிலையான உரிமை. ஏழு வருட ரசீதுக்காரன் நிலத்தை ஈடாக வாங்குவது கரையில்லாத ஏரியை அடமானம் பிடிப்பது போல.

இதற்கென்றே வைத்தது போல 220 இருக்கிறது. தவறாக நடத்திய வேலைக்கு அந்த அளவுக்கு ஏஜென்டுக்குக் கூலி கிடையாது. சட்டத்திலேயே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவன் ஒரு லட்சம் ரூபாயை வசூலித்து நல்ல ஈட்டின் மேல் போடச் சொல்லி ஏஜென்டை வைக்கிறான். ஏஜென்ட் வசூலித்து 90,000-ஐ நல்ல ஈட்டில் போடுகிறான், 10,000-ஐ மோசமானது என்று தெரிந்திருக்க வேண்டிய ஈட்டில் போடுகிறான், 2,000 நஷ்டம். வசூலுக்கும் 90,000 போட்டதற்கும் கூலி உண்டு. அந்த 10,000-க்கு இல்லை, 2,000-ஐயும் அவனே ஈடுகட்ட வேண்டும். இதை எழுதியவர் முகல் தெருவில் ஒரு மாதம் தங்கியிருந்தாரோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

இப்போது கணக்கு. 60 ஏக்கருக்கு 15 வீதம் முதல் 900. முப்பது மாத வட்டி 540. அதில் இருமா 54. தாத்தா கேட்ட 216-ல் 54 போனால்?

தட்டோன் வாத்தியார்:

162.

ரங்கூன் கணக்கன்:

௱௬௰௨. பென்சில் எண். எனக்குக் கை நடுங்குகிறது, பிறகு எழுதுகிறேன்.

முகல் தெரு மிச்சம்:

கொஞ்சம் தாமதமாக வந்தேன். என் பாட்டனாரும் கொண்டு விற்க வந்தவர்தான். நான் கேட்டு வளர்ந்ததைச் சொல்கிறேன்.

கோர்ட்டுத் திண்ணை ஐயா சட்டத்தைச் சொன்னார். அன்று ரங்கூனில் ரெக்கார்டர் கோர்ட் இருந்தது, 1900-ல்தான் கீழ் பர்மாவின் தலைமை நீதிமன்றம் வந்தது. ஆனால் மேலாளும் முதலாளியும் 216 ரூபாய்க்குப் படியேற மாட்டார்கள். முதலாளியை கோர்ட்டுக்கு இழுத்த மேலாளுக்கு அடுத்த மூன்று வருடம் எந்தக் கடை சாவி கொடுக்கும்? முதலாளிக்கும் அதே பயம்தான், மேலாள் கூலியைப் பிடித்துக்கொள்கிற கடை என்று பெயர் வந்தால் நல்ல ஆள் கிடைக்க மாட்டான். கோயிலில் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து, இரண்டு தரப்புக் கணக்கையும் விரித்து வைத்துப் பேசி முடிப்பார்கள். அந்த 60 ஏக்கரைக் கழித்தது அவர்களாகத்தான் இருக்கும். 220-ஐப் படித்துவிட்டு இல்லை. பன்னிரண்டு வருட ரசீது இல்லாத ஈட்டுக்கு மேலாள் பங்கு கேட்கக்கூடாது என்பது கொடுக்கல் வாங்கலில் இருக்கிற யாருக்கும் தோன்றும்.

முதலாளி பக்கமும் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன். செட்டியார் நிலத்துக்கு ஆசைப்பட்டுத்தான் கடன் கொடுத்தார் என்று இங்கே பலர் பேசுவார்கள். நிலம் கைக்கு வந்தால் பணம் முடங்கும். அந்தப் பணத்துக்கு அவர் வேறு கடைக்கோ பாங்குக்கோ வட்டி கட்டிக்கொண்டிருப்பார். விற்றுக் காசாக்குகிற வரை அவருக்குத் தூக்கம் இல்லை. “நிலம் லாபம் இல்லை, நிலம் மாட்டிக்கொண்ட பணம்” என்று பாட்டனார் சொல்வார். 1930-ல் நெல் விலை விழுந்தபோது அதுதான் நடந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் அந்த வருடம் செட்டியார் கையில் இருந்தது நூற்றுக்கு ஆறு பங்கு நிலம். 1938 வாக்கில் நாலில் ஒரு பங்கு. கேட்டு வாங்கியது இல்லை, கடன் திரும்பாததால் வந்து விழுந்தது. 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது, அப்புறம் எல்லாம் காகிதம்தான். ஆக, காசு வராமல் பங்கு தரமாட்டேன் என்ற உங்கள் முதலாளி கஞ்சன் மட்டும் இல்லை, பயந்தவரும்கூட.

ஒன்று கேட்கிறேன். 162-க்குப் பக்கத்தில் கறையில் மறைந்த சொல் ‘விற்கிற’ என்று இருக்குமோ? பாதி வழி போய் முடிக்கிறபோது பெரியவர்கள் சொல்லக்கூடிய தீர்ப்பு அதுதான்: பங்கு உண்டு, ஆனால் இன்று இல்லை, நிலம் விற்கிற அன்று.

ரங்கூன் கணக்கன்:

இரண்டு நாள் மின்சாரம் இல்லை. இன்று காலை ஒன்பது மணி வெயிலில் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்துப் பார்த்தேன். கறைக்குள் ‘ற்கி’ தெரிகிறது. அதன் பின்னால் ‘ற’ மாதிரி ஒரு கொம்பு. பேரனையும் கூப்பிட்டுக் காட்டினேன், அவனுக்குத் தமிழ் எழுத்து பாதிதான் தெரியும், அவனும் ‘ற்கி’ என்றான். நிலம் விற்கிற அன்று. 162.

ஆக 216-ஐ அவர் திருப்பிக் கட்டியிருக்க வேண்டும். 54 போனது போனதுதான். 162 நிலம் விற்கிற அன்று. அவர் பெகுவிலேயே காத்திருந்தார் என்றுதான் எங்கள் வீட்டுக் கதை. கொள்ளுப்பாட்டி தினம் கேட்பாளாம், இவர் தினம் அதையே சொல்வாராம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் எங்களுக்கு அந்தப் பேச்சைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

தாத்தா 60 ஏக்கர் விஷயத்தில் சறுக்கினார் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்தப் பொடி எழுத்து அவர் கையெழுத்துதான். மறைத்திருக்கலாம், எழுதி வைத்திருக்கிறார். கணக்கு எழுதுகிறவனுக்கு அது தெரியும்: நமக்கே பாதகமான வரியை எழுதும்போது எழுத்து தானாகச் சின்னதாகிவிடும்.

அத்தையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இருமா என்றால் நிலம் இல்லை, பத்தில் ஒரு பங்கு என்று. நம்பவில்லை. ரூபாய் 162 என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வட்டி எவ்வளவு?”

“நூத்துக்கு ரெண்டு, அத்தை. மாசம் மூணு ரூபாய் இருபத்து நாலு காசு.”

“அன்னையிலேர்ந்தா?”

“அன்னையிலேர்ந்துதான்.”

கொஞ்ச நேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார், “தனி வட்டியாடா, கூட்டு வட்டியா?”